பாட்டு ரெடி, பரிசில் எங்கே ராஜா?

சங்கப் புலவர் என்றதும் நமக்கு ஒரு காலண்டர் படம் ஞாபகத்துக்கு வரும். நெஞ்சு வரை வெண்தாடி, கையில் ஏடு. ராஜா எழுந்து நின்று கும்பிடுகிறார். புலவர் போனால் போகிறது என்று தலையசைக்கிறார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு நீங்களேகூட ஒருமுறை அப்படி நின்றிருக்கலாம்.

அந்தத் தாடியைக் கொஞ்சம் விலக்கிவிட்டுப் புறநானூற்றைப் புரட்டுங்கள். 400 பாட்டு. வீரம் உண்டு, போர் உண்டு, நிலையாமை உண்டு, யார் இல்லை என்றார்கள்? ஆனால் நடுநடுவே ஒரு குரல் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்: 'பாடியாச்சு. பேமென்ட் எப்போ?'

சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி இது. ரெக்கார்டு கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது, சபா செக்ரட்டரி கிடையாது. சொந்தப் பாட்டு, சொந்தக் குரல், சொந்தக் கால். நாலு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றரசர் நன்றாகக் கொடுக்கிறாராம் என்று காதில் விழுந்தால் குடும்பத்தோடு நடக்க வேண்டியதுதான். போய்ச் சேரும்போது அவர் உயிரோடு இருப்பார் என்பதற்குக்கூட கியாரண்டி இல்லை. அந்த ராஜாக்களுக்கெல்லாம் சண்டைதான் முழுநேர உத்தியோகம்.

நுணுக்கமாகப் பார்த்தால் பாணர் வேறு, புலவர் வேறு. பாணர் யாழும் முழவும் விறலியுமாக ஊர் ஊராகச் சுற்றும் ட்ரூப். புலவர் தனி ஆள், பாட்டுக் கட்டுவது அவர் தொழில். இன்று நம் கையில் இருக்கும் பாட்டுகளில் பெரும்பாலானவை புலவர்கள் கட்டியவை. பல நேரம் அவர்களே பாணன் வேஷம் போட்டுக்கொண்டு பாணன் குரலில் பாடினார்கள். வேஷம் மாறினாலும் பசி மட்டும் ஒரிஜினல்.

இவர்கள் வைத்திருந்த ஓர் அபாரமான ஏற்பாடு ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து நூல்கள், இந்த வகைதான். ஒன்று முருகனிடம் அனுப்புகிறது. அது சாமி சமாசாரம், நாம் அந்தப் பக்கம் போக வேண்டாம். மற்ற நான்கிலும் பரிசு வாங்கித் திரும்பும் பாடகர், எதிரே ஒட்டிய வயிறோடு வரும் சக பாடகரை மடக்கி, எந்த ராஜா, எந்த வழி, என்ன சாப்பாடு என்று விலாவாரியாகச் சொல்கிறார். நன்றாகச் சம்பளம் கொடுக்கும் பார்ட்டியின் நம்பரைப் போட்டிக்காரனுக்குக் கொடுக்கும் கலைஞனை நீங்கள் கண்டதுண்டா? ஆஹா, என்ன பெருந்தன்மை என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் முன் ஒரு தகவல்: 'இவரிடம் போங்கள்' என்ற அந்தப் பாட்டே அந்த ராஜாவுக்கான விளம்பரம். அதற்கும் தனியாகப் பரிசில் உண்டு.

விளம்பரம் என்றாலும் விவரம் சுத்தம். செங்கண்மா நன்னனிடம் அனுப்பும் மலைபடுகடாம் மொத்தம் 583 அடி. அதில் கணிசமான பகுதி டிராஃபிக் எச்சரிக்கை. இங்கே பன்றிக்கு வைத்த கல்பொறி இருக்கும், பார்த்துக் கால் வை. அங்கே தினைப்புனக் காவல்காரர்கள் யானையை விரட்டக் கவண் கல் வீசுவார்கள், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கு. பாறை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள். பாம்பு உண்டு, ஜாக்கிரதை. இவ்வளவையும் தாண்டிப் பிழைத்தால்தான் கச்சேரி.

பெரும்பாணாற்றுப்படையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் கவலை வேறு. காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு அவர் தருவது வழிநெடுக சாப்பாட்டு மெனு. வேடர் குடியிருப்பில் உடும்புக் கறி, ஆயர் வீட்டில் பாலும் தினைச்சோறும், மருத நிலத்தில் அரிசிச் சோறும் கோழியும், பார்ப்பனர் தெருவில் மாதுளங்காய்ப் பொரியலும் மாவடு ஊறுகாயும். ராஜாவைப் பார்ப்பதற்குள் வயிறு நிரம்பி, பாட்டு மறந்து போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

வீட்டு நிலவரம் எப்படி? நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் ஒரு பாணன் வீட்டு அடுப்படியைக் காட்டுகிறார். சுவரைக் கரையான் தின்றிருக்கிறது, காளான் முளைத்திருக்கிறது, கண் திறக்காத குட்டிகளோடு நாய் படுத்திருக்கிறது. அடுப்பு அவ்வளவு காலமாக விடுமுறையில் இருக்கிறது! வீட்டம்மாள் குப்பை மேட்டில் கீரை கிள்ளி வந்து, உப்புக்கு வழியில்லாமல் அப்படியே வேக வைத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தாருக்குப் பங்கு வைக்கிறாள். உப்பில்லாத கீரைக்கும் ஒரு பிரைவசி!

அந்த வயிறு ராஜா வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் சொல்கிறார். வேர்வையும் பேனும் குடியிருக்கும், தையல் மேல் தையல் போட்ட கந்தலோடு ஒரு பொருநன் கரிகாலனிடம் போகிறான். கந்தல் போய், இழை ஓடுவதே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய துணி வருகிறது. பிறகு ஆட்டுக்கறி. சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டுத் தின்கிறான். இரவும் பகலும் தின்றுதின்று, கரட்டு நிலத்தை உழுத கொழு மாதிரி பல் தேய்ந்துபோகிறது. பசியால் செத்த கலைஞர்கள் உண்டு. சாப்பிட்டுப் பல் போன கலைஞனைத் தமிழ்தான் பதிவு செய்திருக்கிறது. 'ஊருக்குப் போகிறேன் ராஜா' என்று கெஞ்சியதும், நான்கு வெள்ளைக் குதிரை பூட்டிய தேரில் ஏற்றி, கரிகாலனே ஏழடி பின்னால் நடந்து வந்து அனுப்பினாராம். பாக்கி வைத்தவர்களுக்குத்தான் இன்று அந்த மரியாதை.

இந்தக் கரிகாலன் பெயரில் இன்னொரு பிரமாண்டக் கணக்கும் உண்டு. அதே உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலை பாடியதற்கு 16 லட்சம் பொன் வாங்கினார் என்கிறது கலிங்கத்துப்பரணி. பட்டினப்பாலை 301 அடி. வகுத்துப் பாருங்கள், அடிக்கு 5,315 பொன்! இன்றைய சினிமாப் பாடலாசிரியர்கள் இந்த வரியைப் படிக்காமல் இருப்பது நல்லது. ஒரே ஒரு சின்ன விஷயம்: இந்தத் தொகையைச் சொன்ன ஜெயங்கொண்டார் கரிகாலனுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவர். அவரும் ஒரு சோழ ராஜாவைப் பாடிக்கொண்டிருந்தவர். 'உங்கள் முன்னோர் ஒரு பாட்டுக்கு என்ன கொடுத்தார் தெரியுமா?' என்று ராஜா காதில் போட்டு வைப்பது எவ்வளவு நாசூக்கான கொட்டேஷன்!

பதிற்றுப்பத்தின் பதிகங்களும் சளைத்தவை அல்ல. குமட்டூர்க் கண்ணனாருக்கு 500 ஊர். போதாதென்று 38 ஆண்டுக்கு வருவாயில் பங்கு வேறு. நம்ம ஊரில் ராயல்டி என்ற சமாசாரத்தைத் தொடங்கி வைத்தவர் இவராகத்தான் இருக்க வேண்டும். காப்பியாற்றுக் காப்பியனாருக்கு 40 லட்சம் பொன். எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் பாலைக் கௌதமனார். 'என்ன வேண்டும்?' என்று கேட்டார் ராஜா. 'நானும் என் மனைவியும் சொர்க்கம் போக வேண்டும்' என்றார் இவர். ராஜா பத்து யாகம் நடத்தினாராம். பத்தாவது யாகத்தில் தம்பதியைக் காணோமாம். கணக்கு செட்டில் ஆனதா, ஆளையே செட்டில் செய்துவிட்டார்களா என்று நான் வாய் திறக்க மாட்டேன்.

இந்தப் பதிகங்கள் பின்னால் சேர்க்கப்பட்டவை. பாட்டுகளுக்குள்ளே இருக்கும் நிலவரம் இவ்வளவு பளபளப்பாக இல்லை. அங்கே முதல் வில்லன் வாசற்படி.

ஔவையாரையே அதியமான் காக்க வைத்திருக்கிறார். நெல்லிக்கனி கொடுத்த அதே அதியமான்! அம்மையார் ராஜாவிடம் சண்டைக்குப் போகவில்லை. வாயில்காப்போனைப் பிடித்துக்கொண்டார். உங்கள் ராஜாவுக்குத் தன்னைத் தெரியாதா, இல்லை என்னைத் தெரியாதா? யாழைப் பையில் கட்டியாகிவிட்டது, நான் கிளம்புகிறேன். கோடாலி வைத்திருக்கும் தச்சனுக்குக் காட்டில் மரத்துக்குப் பஞ்சமா? எந்தத் திசையில் போனாலும் எங்களுக்குச் சோறு உண்டு. சொல்லிக்கொண்டே கிளம்பியவர் உள்ளே கேட்கிற சத்தத்தில்தான் பேசியிருப்பார் என்பது என் கணிப்பு. பாவம் அந்த வாட்ச்மேன்.

ஆவூர் மூலங்கிழாருக்கு இந்த நாசூக்கெல்லாம் ஒத்துவராது. பாண்டியன் நன்மாறன் இதோ அதோ என்று இழுத்தடித்தபோது நேராகவே போட்டார்: முடிந்தால் கொடு, முடியாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடு. முடியாததை முடியும் என்பதும், முடிவதை இல்லை என்பதும் உன் பெயரைத்தான் கெடுக்கும். சரி, உன் பிள்ளைகள் நோயில்லாமல் இருக்கட்டும், நீ நீண்ட நாள் வாழு, நான் போகிறேன். வாழ்த்துதான், வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த வாழ்த்தைக் கேட்ட பிறகு நன்மாறன் ராத்திரி தூங்கியிருப்பாரா?

பேமென்ட் வராதது ஒரு கஷ்டம் என்றால், வந்த பேமென்ட் இன்னொரு கஷ்டம். ராஜாக்களுக்குச் சில்லறையாகக் கொடுக்கும் பழக்கம் இல்லை. ஔவையார் ஒருமுறை நாஞ்சில் மலைத் தலைவன் வள்ளுவனிடம் போனார். கூட வந்த விறலியர் கொல்லையில் கீரை பறித்துவிட்டார்கள். அதோடு சேர்த்துச் சமைக்கக் கொஞ்சம் அரிசி கொடப்பா என்றார். வள்ளுவன் தன் அந்தஸ்தை யோசித்துப் பார்த்தார். கொடுத்தது என்ன தெரியுமா? யானை! கீரைக்குத் துணையாக யானை! அரிசி கேட்டு வந்த வீட்டில் இப்போது அரிசி கேட்க இன்னொரு ஆள், அதுவும் அந்த சைஸில். ஔவையாரே தாங்க முடியாமல் மற்றப் புலவர்களைக் கூப்பிட்டு, 'இந்த ஆள் சுத்த வெகுளி ஐயா, இப்படியுமா கொடுப்பார்கள்?' என்று பாடியிருக்கிறார். அந்தப் பாட்டில் கடைசிவரை அரிசி வந்ததாகத் தகவல் இல்லை.

ஆய் அண்டிரன் இதைவிடத் தீவிரவாதி. யானைகளையெல்லாம் பாணர்களுக்கே கொடுத்துத் தீர்த்துவிட்டு, கட்டுத்தறியில் காட்டு மயில்கள் வந்து குடியேறும் அளவுக்கு லாயத்தைக் காலி செய்துவிட்டார். அந்தப்புரப் பெண்களிடம் கழற்ற முடியாத தாலி மட்டும்தான் மிச்சம் என்று பாராட்டுகிறார் முடமோசியார். பாராட்டுகிறார்! அந்தப் பெண்களிடம் கருத்துக் கேட்டிருந்தால் புறநானூற்றுக்கு இன்னொரு நல்ல பாட்டு கிடைத்திருக்கும்.

பெண்கள் என்றதும் பேகன் ஞாபகம் வருகிறார். மயில் குளிரில் நடுங்குகிறது என்று போர்வை போர்த்தியவர். வீட்டில் மனைவி கண்ணகி தனியாக அழுதுகொண்டிருப்பது மட்டும் அவருக்குத் தட்டுப்படவில்லை. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு முன்னணிப் பாட்டுக்காரர்கள் இதற்காகவே பாடினார்கள். அதில் பரணர் ஒருபடி மேலே போய், எங்களுக்குப் பசியும் இல்லை, குடும்ப பாரமும் இல்லை, பரிசு வேண்டுமானால் இன்று ராத்திரியே தேரேறி அந்த அம்மாவிடம் போய்ச் சேருங்கள் என்றார். சங்கப் பாடகர் ஒருவர் பசியில்லை என்று சொன்ன அபூர்வமான தருணம் இது. ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைக்க அவ்வளவு பெரிய பொய் தேவைப்பட்டிருக்கிறது.

தொழிலில் உயிராபத்தும் உண்டு. இளந்தத்தன் என்ற புலவர் நலங்கிள்ளியிடம் பாடிவிட்டு, அப்படியே நெடுங்கிள்ளியின் உறையூருக்கும் ஒரு நடை போனார். இரண்டு ஊர், இரண்டு கச்சேரி, எளிய கணக்கு. ஆனால் அந்த இரண்டு சோழர்களும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளக் காத்திருந்தவர்கள். 'ஒற்றன்!' என்று கொல்லப் போய்விட்டார் நெடுங்கிள்ளி. கோவூர் கிழார் ஓடிவந்து, இந்தப் புலவர் கூட்டம் எவருக்கும் தீங்கு நினைக்காது, கிடைத்ததைச் சேர்த்துவைக்கத் தெரியாமல் பகிர்ந்து தின்னும் பிழைப்பு இது என்று பாடிக் காப்பாற்றினார். உளவு பார்க்கிற அளவுக்கு எங்களுக்குச் சாமர்த்தியம் இருந்தால் இந்தத் தொழிலுக்கு ஏன் வருகிறோம் என்பதுதான் வாதத்தின் சாரம்.

மோசிகீரனாருக்கு அதிர்ஷ்டம் வேறு மாதிரி. நடந்த களைப்பில் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில் மெத்தென்று பூப்பரப்பிய கட்டில் ஒன்றைப் பார்த்தார், ஏறிப் படுத்துவிட்டார். அது வீரமுரசு வைக்கும் கட்டில்! முரசு குளிக்கப் போயிருந்தது. சட்டப்படி வாள் இறங்கியிருக்க வேண்டும். ராஜா வந்தார், பார்த்தார், விசிறியை எடுத்து வீசினார். தூங்கி எழுந்தவுடன் அந்த விஷயம் பாட்டாகிவிட்டது. 2000 ஆண்டு விளம்பரம், செலவு ஐந்து நிமிடக் கைவலி. சேரன் ஒன்றும் ஏமாளி இல்லை.

எனக்கு இந்தப் பட்டியலில் பிடித்தவர்கள் யானைக்காரர்களே அல்ல. ஈர்ந்தூர்க் கிழான் தோயன்மாறன் என்று ஒருவர். பணக்காரர் இல்லை. பாட்டுக்காரர்கள் பசியோடு வந்து நின்றால் அவர்களுடைய ஒட்டிய வயிற்றைக் காட்டி ஊர்க்கொல்லனைக் கெஞ்சுவாராம்: சீக்கிரம் ஒரு வேல் வடித்துக் கொடப்பா, ஏதாவது சண்டைக்குப் போய்ச் சம்பாதித்து இவர்களை அனுப்ப வேண்டும். கடன் வாங்கிக் கச்சேரி வைப்பவர்கள் உண்டு; கச்சேரிக்காகப் போருக்குப் போகிறவரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இன்னொருவருக்குப் பாட்டில் பெயர்கூட இல்லை. கள் குடித்துவிட்டு முற்றத்தில் படுத்துக் கிடக்கும் ஒரு சின்ன ஊர் வீரர். 'அவர்தான் எங்கள் தலைவர், நாங்கள் அவருடைய பாணர்' என்று பெருமையாக அறிமுகம் செய்கிறது பாட்டு. நேற்று வந்த விருந்தாளிக்குச் சாப்பாடு போட அந்த வீரர் தம் பழைய வாளை அடகு வைத்துவிட்டார். இன்றைக்குப் பாணனின் யாழ் அடகுக்குப் போகிறது. ஸ்பான்சரும் ஆர்ட்டிஸ்டும் சேர்ந்து ஒரே அடகுக் கடை வாசலில்! புறநானூறு 316. தமிழில் இதைவிட நேர்மையான வரவு செலவுக் கணக்கை நான் படித்ததில்லை.

இத்தனை பேர் நடுவிலும் ரோஷத்துக்கென்றே பிறந்தவர் பெருஞ்சித்திரனார். அவர் வீட்டில் குழந்தை பால் வற்றிய மார்பை விட்டுவிட்டு, கஞ்சிப் பானையைத் திறந்து பார்த்து, வெறும் பானை என்று தெரிந்து அழும். அம்மா புலி வருது என்பாள், நிலாவைக் காட்டுவாள், எதுவும் எடுபடாமல், 'அப்பா மேல கோபம்னா எப்படி முறைப்பே, காட்டு' என்பாள். இப்படிப்பட்ட வீட்டுக்காரர் கொடுத்ததை வாயை மூடிக்கொண்டு வாங்கியிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்?

அதியமான் ஒருமுறை இவரை நேரில் பார்க்காமலே, இதைக் கொடுத்து அனுப்புங்கள் என்று பரிசை வெளியே அனுப்பினார். பெருஞ்சித்திரனார் தொடவில்லை. முகம் பார்க்காமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரியா, தினை அளவு கொடுத்தாலும் என் தகுதி தெரிந்து கொடுங்கள் என்று திருப்பிவிட்டார். பசித்த குழந்தையின் அம்மா இந்தச் செய்தியைக் கேட்டு என்ன சொன்னாள் என்பதைப் புலவர் பாட்டாக்கவில்லை. காரணம் புரிகிறது.

பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற யானை விவகாரம். வெளிமான் என்ற தலைவரிடம் போனார். அவர் தம்பி இளவெளிமானிடம், இவருக்கு ஏதாவது கொடுத்து அனுப்பு என்று பொறுப்பை விட்டார். தம்பி பட்ஜெட் போடுகிற ஆள் போலிருக்கிறது, ஏதோ கொஞ்சமாகக் கொடுத்தார். பெருஞ்சித்திரனார் வாங்காமல் எழுந்தார். நேராக முதிரமலைக் குமணனிடம் போனார், பாடினார், யானையோடு வெளியே வந்தார்.

நீங்களும் நானுமாக இருந்தால் அந்த யானையை ஓட்டிக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போயிருப்போம். இவர் திரும்ப இளவெளிமான் ஊருக்கே நடந்தார்! ஊரின் காவல் மரத்தில், அதுவும் எதிரிகள்கூடத் தொட யோசிக்கும் மரத்தில், மரம் நோகும்படி யானையைக் கட்டினார். கேட்பவர்களைக் காப்பவன் நீ இல்லை, ஆனால் காப்பவர்களே உலகத்தில் இல்லாமல் போய்விடவில்லை, பார்த்துக்கொள். இந்த யானை என் பரிசு. வருகிறேன். சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

வீட்டுக்குப் போனதும் அடுத்த கூத்து. குமணன் கொடுத்த செல்வத்தையெல்லாம் மனைவி கையில் கொடுத்து, உனக்கு வேண்டியவர்களுக்குக் கொடு, சொந்தக்காரர்களுக்குக் கொடு, நமக்குக் கைமாற்றுக் கொடுத்தவர்களுக்குக் கொடு, யாருக்கு என்று பார்க்காதே, என்னையும் கேட்காதே என்றார். சேமிப்பு என்ற துறையே அந்த வீட்டில் கிடையாது. அடுத்த மாதம் பானை மறுபடி காலியாகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குமணன் பெயர் இன்றைக்கும் வள்ளல் பட்டியலில் இருக்கிறது. இளவெளிமான் என்ன போர் செய்தார், எத்தனை ஊர் ஆண்டார் என்றெல்லாம் பெருஞ்சித்திரனாரின் பாட்டு சொல்ல மெனக்கெடவில்லை. புறநானூறு 1894-இல் உ.வே.சா. கையால் அச்சேறி, பாடநூலாகி, இதோ உங்கள் கைக்கும் வந்துவிட்டது. அதில் இளவெளிமானைப் பற்றி இருக்கும் ஒரே தகவல், பாட்டுக்காரருக்குச் சம்பளத்தைக் குறைத்தார் என்பதுதான்.